கலைச்சொல் முன்மொழிவு: விளம்பரவுருத் தாவுமேடை ஆட்டம்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

விளம்பரங்களால் பெயர்பெற்ற உருவங்களைத் தலைமைப் பாத்திரமாக்கி, மேடைக்கு மேடை தாவிச் செல்லும்படி அமைத்த பழைய நிகழ்பட ஆட்டங்களுக்கு என்ன பெயரிடலாம் என்ற இந்த இழையில் ‘விளம்பர ஆட்டம்’, ‘சின்ன நாயகன் ஆட்டம்’, ‘தளமேடை விளையாட்டு’ ஆகிய மூன்று பரிந்துரைகளும் அவற்றுக்கான ஆதரவு மடல்களும் வந்துள்ளன. மூன்றையும் நான் ஏற்கவில்லை. அதற்கான காரணங்களை ஆட்டங்களையே சான்றாகக் கொண்டு விளக்கிவிட்டு, என் பரிந்துரையை முன்வைக்கிறேன்.

‘விளம்பர ஆட்டம்’ என்பதற்கே இங்கு ஆதரவு மிகுதி. எளிமையான சொல்தான், ஆனால் அது வேறொரு வகைக்கு உரியது. 1983-இல் வெளிவந்த, கூல்-எய்டு பானப்பொடி விளம்பரங்களின் குடுவை உருவமான கூல்-எய்டு மேன் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். அந்தப் பானப்பொடியை வாங்கியதற்கான சான்றுப் புள்ளிகளைச் சேர்த்து அனுப்பியவர்களுக்கு அட்டாரி 2600 கருவிக்கான ஆட்டம் கிடைத்தது. பொருளை விற்பதற்காகவே ஆட்டம் இருந்தது. அதே ஆண்டில் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்துக்காக வந்த ‘டூத் புரொடெக்டர்ஸ்’ ஆட்டமும் இத்தகையதே. இவற்றை விளம்பர ஆட்டம் என்று அழைப்பதே முறை. அந்தச் சொல்லை அவற்றுக்கென ஒதுக்கிவைப்போம்.

நாம் பெயர்தேடும் ஆட்டங்களின் இயல்பு வேறு. வெர்ஜின் நிறுவனத்தின் ‘கூல் ஸ்பாட்’ (1993) அவற்றுள் தலைசிறந்தது என்பது என் உறுதியான கருத்து. செவன் அப் இலச்சினையில் உள்ள சிவப்பு வட்டத்துக்குக் கையும் காலும் கறுப்புக் கண்ணாடியும் முளைத்துவிட்டால் அதுவே ஸ்பாட். டேவிட் பெர்ரி நிரலாக்கம் செய்ய, டாமி டல்லாரிக்கோ இசையமைத்த அந்த ஆட்டத்தைச் செகா கருவியிலும் சூப்பர் நின்டெண்டோவிலும் விளையாடிய சிறுவர்கள், மற்ற எந்த ஆட்டத்துக்கும் கொடுப்பதுபோல் கடையில் முழு விலை கொடுத்தே வாங்கினார்கள். கூண்டில் அடைபட்ட மற்ற ஸ்பாட்டுகளை விடுவிக்க வேண்டும். அதற்கு முன் சிதறிக் கிடக்கும் சிவப்பு வட்டங்களைத் தேவையான அளவு சேர்க்க வேண்டும். கடற்கரை மணலில் தொடங்கும் அந்தப் பயணத்தில் அசைவூட்டத்தின் துல்லியம் ஒவ்வொரு தாவலிலும் தெரியும். பானம் வாங்கச் சொல்லும் ஒரு துண்டறிக்கைக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படாது.

இதைவிட வலுவான சான்று அதன் ஐரோப்பியப் பதிப்பில் இருக்கிறது. ஐரோப்பாவில் செவன் அப் விளம்பரங்களின் முகம் ஸ்பாட் அன்று. கோடுகளால் வரைந்த, முடி சிலிர்த்து நிற்கும் ஃபிடோ டிடோ. தொண்ணூறுகளில் இந்தியத் தொலைக்காட்சியில் செவன் அப் விளம்பரம் பார்த்தவர்களுக்கும் ஃபிடோவே நினைவில் இருப்பான். ஆகவே ஐரோப்பியப் பதிப்பிலிருந்து பானத்தின் பெயர் நீக்கப்பட்டது. அமெரிக்கப் பதிப்பின் சிறப்புக் கட்டங்களில் ‘அன்கோலா’ என்ற விளம்பரச் சொல்லின் எழுத்துகளைத் திரட்ட வேண்டும்; ஐரோப்பியப் பதிப்பில் அவற்றுக்குப் பதிலாக ‘வெர்ஜின்’ என்ற எழுத்துகள் வந்தன. ஆட்டமும் உருவமும் மாறவில்லை. விளம்பரப்பொருள் மட்டும் மறைந்துவிட்டது. அந்தப் பதிப்பை விளம்பர ஆட்டம் என்று எப்படிக் குறிப்பது? நாம் ஆக்கும் சொல் ஆட்டத்தின் நோக்கத்தைச் சொல்லக்கூடாது, அதில் வரும் உருவம் எங்கிருந்து அறிமுகமானது என்பதைச் சொல்ல வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இனி, அந்த உருவத்தை எப்படி அழைப்பது? நம் செய்தித்தாள்கள் ‘சின்னம்’ என்று எழுதுகின்றன. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது வேட்டி கட்டிய குதிரையான ‘தம்பி’யைச் சின்னம் என்றே குறிப்பிட்டார்கள். ஆனால் தேர்தல் சின்னமும் சின்னம். நினைவுச் சின்னமும் சின்னம். இலச்சினையையும் பலர் சின்னம் என்கிறார்கள். ஸ்பாட்டைப் பொறுத்தவரை இந்தக் குழப்பம் நேரடியாகவே வந்து நிற்கிறது: இலச்சினையில் அசையாமல் இருக்கும் சிவப்பு வட்டம் ஒன்று, அதிலிருந்து இறங்கி நடக்கும் உருவம் மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் கட்டுரை எழுதுபவர் ஒவ்வொரு வரியிலும் விளக்கம் சேர்க்க நேரும். ‘சின்னவுரு’ என்று சேர்த்து எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். படிப்பவர் அதைச் ‘சிறிய உருவம்’ என்றே முதலில் புரிந்துகொள்வார்.

‘நாயகன்’ என்பதும் பொருந்தாது. டாமினோஸ் பீட்சா நிறுவனத்தின் ‘நாய்டு’, சிவப்பு முயலாடை அணிந்து பீட்சாவைப் பாழாக்க வரும் குறும்புக்காரன். விளம்பரங்களில் அவன் எதிரி. ‘நாய்டைத் தவிருங்கள்’ என்பதே அவற்றின் முழக்கம். கேப்காம் 1990-இல் நின்டெண்டோ கருவிக்கு வெளியிட்ட ‘யோ! நாய்டு’ ஆட்டத்திலோ அவனே தலைமைப் பாத்திரம். அந்த ஆட்டமும் புதிதாக ஆக்கப்பட்டதன்று. ஜப்பானில் ஒரு நிஞ்ஜாச் சிறுவனை வைத்து வெளியான ஆட்டத்தில் உருவங்களை மாற்றி அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்ததே நாய்டு ஆட்டம். நிஞ்ஜா ஏவிய பருந்தின் இடத்தில் நாய்டின் யோயோ வந்தது. உருவத்தை மாற்றினால் ஆட்டம் இந்த வகைக்குள் வருகிறது, நீக்கினால் வெளியேறுகிறது. எனவே சொல்லின் நடுவில் ‘உரு’ நிற்பதே நியாயம்.

‘பாத்திரம்’, ‘மாந்தர்’ என்ற மாற்றுகளையும் எண்ணிப் பார்த்தேன். வட்டமும் குடுவையும் சீட்டோஸ் தின்பண்ட விளம்பரச் சிறுத்தையும் வரும் இடத்தில் ‘மாந்தர்’ இயல்பாக ஒட்டவில்லை. ‘விளம்பரப் பாத்திரம்’ என்பது சமையல் பாத்திரத்துக்கான விளம்பரத்தை நினைவூட்டுகிறது. கணினித் தமிழில் ‘படவுரு’ (ஐகான்) ஏற்கெனவே வேரூன்றியிருப்பதால், அதே வார்ப்பில் ‘விளம்பரவுரு’ என்று சொல்லலாம். விளம்பரம், உரு என்ற இரண்டும் புணரும்போது மகரம் கெட்டு வகர உடம்படுமெய் தோன்றும், இலக்கணத்திலும் தடையில்லை. ஏர் இந்தியாவின் மகாராஜா, ஆர்.கே. லட்சுமண் ஆசியன் பெயின்ட்ஸுக்கு வரைந்து தந்த ‘கட்டு’ என்ற சிறுவன், அமுல் சிறுமி ஆகியோரைப் பற்றி எழுதுபவர்களுக்கும் இந்தச் சொல் பயன்படும். ஆட்டங்களுக்கு வெளியேயும் உழைக்கக்கூடிய சொல்லே அகராதியில் நிலைக்கும்.

ஆங்கிலத்தில் புழங்கும் ‘மேஸ்காட் பிளாட்பார்மர்’ என்ற தொடரை அப்படியே பெயர்த்துவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது பெரும்பாலும் 1991-இல் வந்த சோனிக் என்ற முள்ளெலியையும் அதன் வெற்றியைப் பின்பற்றிப் பிறந்த விலங்கு உருவங்களையும் குறிக்கிறது. சோனிக் ஆட்டத்தில் பிறந்து செகா நிறுவனத்தின் அடையாளமாக ஆனது; ஸ்பாட் விளம்பரத்திலிருந்து ஆட்டத்துக்கு வந்தது. இரண்டின் திசையும் எதிரெதிர். ஆங்கிலத் தொடர் மறைத்துவிடும் இந்த வேறுபாட்டை நம் சொல் காட்டும்.

அடுத்தது ‘தளமேடை’. தளம் என்பது வலைத்தளத்துக்கும் இயங்குதளத்துக்கும் போய்விட்டது. ‘பல தளங்களில் வெளியான தள ஆட்டம்’ என்று எழுத நேர்ந்தால் யாருக்கும் விளங்காது. 1981-இல் டாங்கி காங் ஆட்டம் வந்த புதிதில் அமெரிக்க இதழ்கள் இத்தகைய ஆட்டங்களை ‘ஏறும் ஆட்டங்கள்’ என்றும் எழுதின. செருமானியர் இன்றும் ‘தாவி ஓடு’ என்ற பொருளில் செயலைக்கொண்டே அழைக்கிறார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் மேடையைக்கொண்டு அழைக்கின்றன. நமக்கு வினைத்தொகை இருப்பதால் செயலையும் இடத்தையும் ஒன்றாகவே சொல்லிவிடலாம்: தாவுமேடை. தாவிய, தாவுகிற, தாவும் மேடை என முக்காலமும் அதில் அடங்கும். ‘தாவாட்டம்’ இன்னும் சுருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீதிமன்றத் தமிழில் ‘தாவா’ என்பதற்கு வழக்கு என்று பொருள் இருப்பதாலும், ‘தாவல்’ உலாவியின் பகுதிக்குப் பெயராகிவிட்டதாலும் அவ்விரண்டையும் தவிர்க்கிறேன்.

இரண்டையும் இணைத்தால் ‘விளம்பரவுருத் தாவுமேடை ஆட்டம்’. நீளம்தான். எனினும் இரு பகுதிகளையும் பிரித்துப் பயன்படுத்த முடிவது இதன் பெரிய வசதி. 1999-இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த பெப்சிமேன், தானே முன்னோக்கி ஓடும் உருவத்தைத் தடைகளிலிருந்து காப்பாற்றும் ஆட்டம். அதை விளம்பரவுரு ஓட்ட ஆட்டம் எனலாம். ‘ஜூல்’ (1992) தாவுமேடை ஆட்டமே. அதில் சுப்பா சுப்ஸ் மிட்டாய்கள் நிறைந்திருந்தாலும் ஓடும் நிஞ்ஜா எந்த விளம்பரத்திலிருந்தும் வந்தவனல்லன் என்பதால் அது விளம்பரவுரு ஆட்டம் ஆகாது. மெக்டொனால்டு ஆட்டங்களே எல்லைக்கோட்டை நன்றாகச் சோதிக்கின்றன. ‘குளோபல் கிளாடியேட்டர்ஸ்’, ‘எம்.சி. கிட்ஸ்’ (இரண்டும் 1992) ஆகியவற்றில் ஓடித் தாவுபவர்கள் மிக், மேக் என்ற இரு சிறுவர்கள். மெக்டொனால்டு விளம்பரக் கோமாளி ரொனால்டு அவ்வப்போது வந்துபோகிறார். டேட்டா ஈஸ்ட்டின் ‘டொனால்டு லேண்டு’ (1988), டிரஷர் நிறுவனம் செகாவுக்குச் செய்த ‘டிரஷர் லேண்டு அட்வென்ச்சர்’ (1993) ஆகியவற்றில் ரொனால்டே ஓடுகிறார். பின்னதில் தன் கழுத்துத்துணியை வீசி வளையங்களைப் பற்றித் தொங்குகிறார். பின்னிரண்டையும் தயக்கமின்றிச் சேர்ப்பேன், முன்னிரண்டையும் சேர்க்கமாட்டேன்.

வரையறையில் ‘விளம்பரத்தில் பிறந்த உரு’ என்று எழுதாமல் ‘விளம்பரத்தால் அறியப்பட்ட உரு’ என்று எழுத வேண்டுகிறேன். ஃபிடோ டிடோ 1985-இல் வரையப்பட்டுச் சட்டைகளில் இடம்பெற்ற பின்பே குளிர்பானத்துக்கு வந்தான். சீட்டோஸ் சிறுத்தையான செஸ்டரை வைத்து 1992-இல் ஆட்டம் வெளியிட்ட கனெக்கோ நிறுவனம் ஃபிடோவுக்கும் ஓர் ஆட்டத்தை உருவாக்கியது. அது கடைக்கு வரவில்லை. பிறப்பை அளவுகோலாக்கினால் ஃபிடோவை விலக்க வேண்டிவரும்.

பழைய காலத்தது என்பதைக் குறிக்கும் ‘ரெட்ரோ’வுக்குச் சொல் தேடுவது இங்கே தேவையற்றது. ஆண்டைக் குறிப்பிட்டாலே போதும்.

அகராதிப் பதிவுக்கான வரைவு:

விளம்பரவுருத் தாவுமேடை ஆட்டம்: ஒரு வணிகப் பொருளின் விளம்பரங்களால் அறியப்பட்ட உருவை ஆடுபவர் இயக்கி, மேடைகளுக்கிடையே தாவிக் கடக்கும் நிகழ்பட ஆட்டம்.

‘உரு’ வேண்டாம் என்று கருதுபவர்கள் ஸ்பாட், நாய்டு, ரொனால்டு மூவருக்கும் ஒருசேரப் பொருந்தும் மாற்றுச் சொல்லை எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தாவுமேடையைப் பொறுத்தவரை மறுப்பு இல்லையெனில் அதைத் தனிப் பதிவாக இப்போதே சேர்த்துவிடலாம்.

அன்புடன்