மெல்லிசு பீட்சா சாப்பிட மதுரைக்குப் போறோம், எதைப் பார்த்து ஆர்டர் பண்றது?

கீழக்கரைவாசி:
வர்ற ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட மதுரை போறோம். பெரியவங்க நாலு பேர், பிள்ளைங்க ரெண்டு. விறகடுப்புல சுடுற மெல்லிசு பீட்சாதான் வேணும்னு பிள்ளைங்க ஒத்தக் கால்ல நிக்குதுங்க. போன்ல தேடினா எல்லாக் கடைக்காரனும் அதையேதான் போட்டிருக்கான். நல்ல கடையான்னு உள்ளே போனதும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆறு பேருக்கு எத்தனை சொல்லலாம்? உம்மாவுக்கு ஒண்ணு பார்சல் வாங்கிட்டு வந்தா ஊர் வரைக்கும் தாங்குமா? ஹலாலுக்கு என்னென்ன விசாரிக்கணும்?

அடுப்படி:
காக்கா, மெல்லிசுலயே ரெண்டு ஜாதி இருக்கு. முதல்ல அதைக் கேட்டுக்குங்க.

இத்தாலியில இருக்கிற நேப்பிள்ஸ் ஊர் முறைன்னா நடுவுல மெல்லிசு, ஓரம் உப்பி அங்கங்க கரும்புள்ளி விழுந்திருக்கும். 430 டிகிரிக்கு மேல சூடு, 60 முதல் 90 செகண்டுல வெளியே வந்துரும். நடுவுல ஈரம் இருக்கும், துண்டைக் கையில எடுத்தா நுனி தொங்கும். அதோட லட்சணமே அதுதான். ரோம் முறைன்னா மாவுல எண்ணெய் சேர்த்து, கட்டையால தேய்ச்சு, சூட்டைக் குறைச்சு ரெண்டு மூணு நிமிஷம் சுடுவாங்க. கடிச்சா அப்பளம் மாதிரி நொறுங்கும். மொறுமொறுப்பு வேணும்னு நினைச்சுக்கிட்டு நேப்பிள்ஸ் கடையில உட்கார்ந்துட்டு "வேகவே இல்ல"ன்னு ஒத்த ஸ்டார் போடுறவங்கதான் பாதிப் பேர்.

அடுத்து அடுப்பை எட்டிப் பாருங்க. உள்பக்க மேல்வளைவு வெளுப்பா இருந்தா கரி எரிஞ்சு போற அளவுக்குச் சூடு ஏறியிருக்குன்னு அர்த்தம். கறுப்பாப் புகை படிஞ்சிருந்தா இன்னும் ஏறல. கடை திறந்த கையோட போய் நிக்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான். ராத்திரி எட்டரை மணிக் கூட்டத்துல வேற பிரச்சினை. மேல மேல பீட்சா வச்சு எடுக்கிறதுல தளக்கல்லு சூடு இறங்கிரும். மேல சீஸ் கொதிக்கும், அடி வெள்ளையா நிக்கும். ஏழு மணிக்கு முன்னாடி போறது உத்தமம்.

பீட்சா வந்ததும் ஒரு துண்டைத் தூக்கி அடியைப் பாருங்க. பழுப்புப் புள்ளி சிதறலா இருந்தா நல்லது. ஒரே கறுப்பாத் தூள் ஒட்டியிருந்தா, தட்டுறப்ப போட்ட மாவை உதறாம அடுப்புல தள்ளியிருக்கான், கசக்கும். மாவு எத்தனை மணி நேரம் புளிச்சதுன்னும் கேளுங்க. ஒரு நாளாவது ஃபிரிட்ஜ்ல இருந்துச்சுன்னு டக்குனு பதில் வந்தா நம்பலாம்.

ஆறு பேருக்கு அஞ்சு போதும். நேப்பிள்ஸ்ல ஒரு உருண்டை சுமார் 250 கிராம், ஆளுக்கு ஒண்ணு கணக்கு. பிள்ளைங்க ரெண்டும் ஒண்ணைப் பங்கு போட்டுக்கட்டும். ஆனா ரெண்டு ரெண்டாத்தான் அனுப்பணும்னு முன்கூட்டியே சொல்லிருங்க. அஞ்சும் ஒண்ணா வந்தா ஏசி காத்துல கடைசி ரெண்டும் விறைச்சிரும். முதல்ல மார்கரீட்டா சொல்லுங்க: தக்காளி, மொசரெல்லா சீஸ், துளசி, எண்ணெய், அவ்வளவுதான். மாவோ சாஸோ மோசம்னா ஒளிய இடம் கிடையாது. அது தேறினா மத்ததைச் சொல்லலாம். எக்ஸ்ட்ரா சீஸ் வேண்டாம். 100 கிராமுக்கு மேல ஏறினா அந்த 90 செகண்டுல தண்ணி வத்தாது, நடுவுல குளம் கட்டிரும். காளான், தக்காளித் துண்டும் அப்படித்தான்.

மெனுவுல மரினாரான்னு ஒரு பீட்சா இருந்தா, கடல் மாதிரி இருக்கிற பேரைப் பார்த்து மீன்னு நினைச்சு சொல்லிராதீங்க. அதுல மீனும் கிடையாது, சீஸும் கிடையாது.

பாம்பன்காத்து:
ஹலாலுக்கு: பெப்பரோனி, ஹாம் ரெண்டும் எந்தக் கறின்னு கேளுங்க. பன்றின்னா நீங்க வேற சொன்னாலும் வெட்டுற சக்கரமும் பலகையும் ஒண்ணுதான். தனியா வச்சிருக்காங்களான்னு கேட்டுருங்க. அசல் இத்தாலி பார்மிசான் சீஸ், கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்கிற ரென்னட்ங்கிற உறை போட்டுப் பாலை உறைய வைக்கிறது. பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தா அந்தப் பிரச்சினை இல்ல. ஆங்கோவின்னு மெனுவுல இருக்கிறது உப்புல ஊறின நெத்திலி, தாராளமாச் சாப்பிடலாம்.

பில்லுல சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தா கட்டாயம் இல்ல, எடுக்கச் சொல்லலாம்.

பார்சல் வேண்டாம் பாய். பெட்டியை மூடினதும் ஆவி உள்ளேயே சுத்தும், பத்தே நிமிஷத்துல அடி நமத்துரும். நம்ம ஊருக்கு ரெண்டரை மணி நேரம். இந்த வெயில்ல கோழி, இறால் போட்டது காருக்குள்ள அவ்வளவு நேரம் இருக்கவே கூடாது. வேணும்னா சுடாத மாவு உருண்டை கொடுப்பாங்களான்னு கேளுங்க, சில கடையில கிடைக்கும். ஐஸ் பெட்டியில வச்சுத்தான் கொண்டு வரணும். இல்லாட்டி பரமக்குடி தாண்டுறதுக்குள்ள பொங்கி மூடியைத் தள்ளிரும்.

கீழக்கரைவாசி:
அப்ப உருண்டையே வாங்கிக்கிறேன். ஆனா வீட்டு ஓவன் 250 டிகிரிக்கு மேல போகாதே. உம்மா வேற இறால் போடச் சொல்வாங்க.

அடுப்படி:
250 போதும், ரோம் மாதிரி தட்டிக்கங்க. 180 கிராம் உருண்டையை 28 செ.மீ. அகலத்துக்குத் தேய்க்கணும். கனமான இரும்பு தோசைக்கல்லைக் கவுத்து மேல் தட்டுல வச்சு முக்கால் மணி நேரம் காய விடுங்க. கைப்பிடி பிளாஸ்டிக்கா இருந்தா அந்தக் கல்லு ஆகாது. மாவை ஃபிரிட்ஜ்லருந்து எடுத்த உடனே தேய்க்காதீங்க, சுருங்கும். நம்ம வெக்கைக்கு முக்கால் மணி நேரம் வெளியே இருந்தாப் போதும். மேல மாவு தூவி ஈரத்துணி போட்டு மூடிருங்க.

இறாலைப் பச்சையாப் போட்டா தண்ணி விட்டு அடியைக் கெடுத்துரும். முழு நேரமும் வெந்தா ரப்பர். பூண்டோட சட்டியில ஒரு நிமிஷம் பிரட்டி, தண்ணியை வடிச்சுட்டு, பீட்சா வெளியே வர ரெண்டு நிமிஷம் இருக்கும்போது மேல போடுங்க. கணவாய்க்கும் இதே கணக்கு.

பின்னாடி நீங்களே மாவு பிசையறதா இருந்தா போர் தண்ணி வேண்டாம். கடற்கரை ஓரம் அதுல உப்பு ஏறியிருக்கும், அளவு உப்பும் சேர்ந்தா ஈஸ்ட் மந்தமாயிரும். கேன் தண்ணி, மாவு கிலோவுக்கு 25 கிராம் உப்பு. மழை மாசத்துல மைதாவே ஈரம் குடிச்சிருக்கும், அதனால கிலோவுக்குத் தண்ணியை 600 மில்லியிலிருந்து 570க்கு இறக்கிக்கங்க.

முண்டுமிளகாய்:
கடையில கொடுக்கிற சில்லி ஃபிளேக்ஸைத் தள்ளி வைங்க. நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடே வந்தாச்சு. ஆறு மிளகாயை விதை எடுத்துக் கிள்ளி, 100 மில்லி ஆலிவ் எண்ணெயில கொதி வராம இளஞ்சூட்டுல பத்து நிமிஷம் வச்சு வடிகட்டுங்க. புகைஞ்சா கசப்பு ஏறிரும். பீட்சா வெளியே வந்தப்புறம்தான் ஊத்தணும், அடுப்புக்குள்ள இருக்கும்போது இல்ல.