தீத்தொண்டு வாரமும் 1944-ஆம் ஆண்டின் பம்பாய்த் துறைமுகத் தீயும்: இரண்டு ஐயங்கள்

வடசென்னைவாசி கேட்டது:

எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடைபெறுகிறது. இந்த முறை மகளையும் அழைத்துச் சென்றிருந்தேன். எரிவாயு உருளையில் பற்றிய தீயை ஈரச்சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டிய பிறகு, 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பலில் பிடித்த தீயை அணைக்கப் போய் உயிரிழந்த 66 வீரர்களின் நினைவாகவே இந்த வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது என்று நிலைய அலுவலர் விளக்கினார். "கப்பல் நிற்பதே தண்ணீரில்தானே, பிறகு ஏன் அணைக்க முடியவில்லை?" என்று மகள் கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மும்பைத் தீயணைப்புப் படை மாநகராட்சியைச் சேர்ந்தது, நம்முடையது மாநில அரசைச் சேர்ந்தது என்றும் சொன்னார்கள். இந்த வேறுபாடு எப்படி வந்தது?

துறைமுகத்தான் எழுதியது:

அந்தக் கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிக்கைன். இங்கிலாந்திலிருந்து சுமார் 1,400 டன் வெடிபொருள்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, வழியில் கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் மசகெண்ணெயையும் சேர்த்துக்கொண்டு, ஏப்ரல் 12-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டாக்கில் வந்து நின்றது. வெடிபொருளையும் பஞ்சையும் ஒரே கப்பலில் ஏற்றியது முதல் தவறு என்றால், இரண்டாவது சரக்கறையில் இரண்டையும் கீழும் மேலுமாக அடுக்கியது அதைவிடப் பெரிய தவறு. ஆபத்தான சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடியும் ஏற்றப்படவில்லை.

14-ஆம் நாள் பிற்பகல் 2 மணியளவில் அந்தச் சரக்கறையிலிருந்து புகை வருவது கவனத்துக்கு வந்தது. தீயணைப்புப் படையினர் மேல்திறப்பு வழியாக 900 டன்னுக்கும் மேல் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஆனால் தீயின் மூலம் எங்கே இருக்கிறது என்பது மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை; கப்பலின் பக்கவாட்டுத் தகட்டில் ஓரிடத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்ததுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. உள்ளே இறங்கிய தண்ணீர் கொதிக்கவே தொடங்கிவிட்டது. 3.50-க்குக் கப்பலை விட்டு வெளியேற உத்தரவு வந்தது. 4.06-க்கு முதல் வெடிப்பும், அரை மணி நேரம்கூட ஆகாத நிலையில் அதைவிடப் பெரிய இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்தன. சுமார் 1,700 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிம்லாவின் நிலநடுக்கக் கருவியிலேயே அந்த அதிர்வு பதிவானது. கப்பலில் இருந்த தங்கக் கட்டிகள் நகருக்குள் பறந்து விழுந்த கதையைத்தான் பலரும் விரும்பிச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 8,000 பேர் ஏழு மாதம் இடிபாடுகளை அள்ளியதை யாரும் சொல்வதில்லை.

பஞ்சாலைக்காரர் எழுதியது:

தங்கள் மகளின் கேள்விக்கு விடை பஞ்சிலேயே இருக்கிறது. கோவைப் பக்கம் ஓர் ஆலையின் பஞ்சுக் கிடங்கில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இறுக்கி அழுத்திக் கட்டிய பொதிக்குள் தீ புகுந்துவிட்டால் சுடர் தெரியாது. மெல்லிய புகையும் கருகிய துணி வாடையும் மட்டுமே வரும். வெளியே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நனைவது மேல் அடுக்குதான். உள்ளே நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்று நம்பி ஒதுக்கி வைத்த பொதி மறுநாள் காலையில் மீண்டும் புகைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் சந்தேகத்துக்குரிய பொதியை முதலில் வெளியே இழுத்து, இரும்புப் பட்டைகளை வெட்டி, பஞ்சைப் பிரித்துப் பரப்பிய பிறகே தண்ணீர் தெளிப்போம். மேலே டன் கணக்கில் வெடிபொருள் அடுக்கிய சரக்கறைக்குள் போய் யார் பொதியை இழுப்பது?

இன்னொன்றும் உண்டு. பஞ்சுப் பொதி மிதக்கும். சரக்கறையில் தண்ணீர் ஏற ஏற, எரியும் பொதிகளும் மேலே இருந்த வெடிபொருளை நோக்கி ஏறியிருக்கும் என்பதே இதைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

பைகுலா நண்பர் எழுதியது:

நிர்வாகம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பம்பாயில் தொடக்கத்தில் தீயணைப்பு காவல்துறையின் பொறுப்பில் இருந்தது. 1887 ஏப்ரல் 1 முதல் அது நகராட்சிப் பணியாக இயங்கத் தொடங்கியது. 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் தீயணைப்புப் படையை வைத்திருப்பதை மாநகராட்சியின் கடமைகளில் ஒன்றாகவே ஆக்கியது. தமிழ்நாட்டில் மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை. 1985-ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிகள் சட்டம் அதற்கு அடிப்படை. 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் தீயணைப்பு நகராட்சிகளுக்கு உரிய பணியாக இடம்பெற்றிருந்தாலும், அதை ஒப்படைப்பதும் ஒப்படைக்காததும் மாநிலத்தின் விருப்பம்.

மும்பைப் படையின் தலைமையகம் பைகுலாவில் இருக்கிறது. 66 பேருக்கான நினைவுச்சின்னமும் அங்கேதான். அழைப்பு வந்து முதல் வண்டி சென்று சேர்ந்ததும், அங்குள்ள அதிகாரி நிலைமையைப் பார்த்து "லெவல் 1", "லெவல் 2" என்று வயர்லெஸ்ஸில் அறிவிப்பார். லெவல் 4 வரை, அதற்கும் மேல் "பிரிகேட் கால்" என்று, அறிவிப்புக்கு ஏற்ப வண்டிகளும் உயர் அதிகாரிகளும் வந்து சேர்வார்கள். மூத்த அதிகாரிகள் அலுவலகத்தில் அமர்ந்து உத்தரவிடும் படை அல்ல அது. 2015 மே மாதத்தில் காளபாதேவியில் எரிந்துகொண்டிருந்த பழைய கட்டடம் சரிந்தபோது நான்கு அதிகாரிகளை அந்தப் படை இழந்தது. அவர்களில் ஒருவர் தலைமைத் தீயணைப்பு அதிகாரி.

வடசென்னைவாசி கேட்டது:

மூவருக்கும் நன்றி. பஞ்சாலை ஐயாவின் விளக்கத்தைப் படித்துக் காட்டியதும் மகளிடமிருந்து அடுத்த கேள்வி வந்துவிட்டது. அணைக்க முடியாது என்று தெரிந்த பிறகு கப்பலையே மூழ்கடித்திருக்கலாமே என்கிறாள்.

துறைமுகத்தான் எழுதியது:

அந்த யோசனையை அன்றே வெடிபொருள் அதிகாரி ஒருவர் சொன்னார். சரக்கறை முழுவதும் மூழ்கும் அளவுக்கு அந்த இடத்தில் ஆழம் இல்லை என்ற மறுப்பும் அங்கேயே எழுந்தது. வெளிக்கடலுக்கு இழுத்துச் செல்வதா, நின்ற இடத்திலேயே மூழ்கடிப்பதா, தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பதா என்று கப்பல் தலைவர், துறைமுக அதிகாரிகள், இராணுவத்தினர், தீயணைப்புப் படையினர் என ஆளுக்கொரு கருத்தோடு நின்றார்களே தவிர, மற்ற அனைவருக்கும் மேலாக உத்தரவிடக்கூடிய ஒருவர் அந்தத் துறைமுக மேடையில் இல்லை. முடிவு வரும்வரை தங்களால் செய்யக்கூடிய ஒரே வேலையைத் தீயணைப்பு வீரர்கள் செய்துகொண்டிருந்தார்கள். வெளியேறும் உத்தரவு வந்த பிறகும், 4 மணிக்கும் குழாய்கள் அவர்கள் கையில்தான் இருந்தன.