நீராவி எஞ்சினின் லூப்ரிகேட்டரை இனங்காண்பது எப்படி?

தண்டவாளன் கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் ரயில் நிலைய முகப்பில் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினைப் பார்த்து ஒரு மர மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். சக்கரங்களுக்கு மேலுள்ள நடைபலகையின் இடப்புறத்தில் மூடியிட்ட செவ்வகப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையில் கைப்பிடியும் பின்புறம் ஆறு செப்புக் குழாய்களும் உள்ளன (அவை இன்னும் களவு போகாமல் இருப்பதே வியப்பு). டிரைவர் அறைக்குள் பாய்லரின் முகப்பில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் நிமிர்ந்து நிற்கின்றன. உடன் வந்த நண்பர் அந்தக் கண்ணாடிகள்தாம் லூப்ரிகேட்டர், அதாவது எஞ்சினின் உராயும் பாகங்களுக்கு எண்ணெய் ஊட்டும் கருவி என்கிறார். நான் பெட்டிதான் என்கிறேன். எது சரி? அது எவ்வாறு வேலை செய்யும்?

பழைய ஷெட்காரர் எழுதியது:

தம்பி, கண்ணாடிகளிலிருந்தே தொடங்குகிறேன். அவை இரண்டும் பாய்லரின் நீர்மட்டத்தைக் காட்டுபவை; ஒன்று உடைந்தாலும் மற்றொன்று இருக்கட்டும் என்பதற்காகவே இரண்டு வைத்தார்கள். எண்ணெய்க்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் உங்கள் நண்பர் முழுவதும் தவறிவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். கண்ணாடி வைத்த லூப்ரிகேட்டரும் உண்டு.

இனங்காண்பதற்கு நான் கையாளும் வழி, எண்ணெயைத் தள்ளுவது எது என்று பார்ப்பதுதான். சதுர அங்குலத்துக்கு 150, 180 பவுண்டு அழுத்தத்தில் நீராவி நிற்கும் இடத்துக்குள் எண்ணெய் தானாக இறங்காது. எதிரே நிற்கும் அழுத்தத்தைவிடச் சற்றேனும் கூடுதலான விசை அதைத் தள்ள வேண்டும். இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் 1860இல் அந்த விசையை நீரிடமிருந்தே பெற்றார். எண்ணெய்க் கிண்ணத்துக்குள் சிறிது நீராவியை விட்டால் அது குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். நீரைவிட லேசான எண்ணெய் மேலெழும்பி, விளிம்பைத் தாண்டி, நீராவி செல்லும் வழியில் விழும். அமெரிக்காவில் எலைஜா மெக்காய் 1872இல் காப்புரிமை பெற்ற தானியங்கி லூப்ரிகேட்டரும் புகழ்பெற்றது; அவர் ரயில்வேயில் ஃபயர்மேனாக (எஞ்சினில் தீ வளர்ப்பவராக) வேலை பார்த்தவர் என்பதை எங்களைப் போன்றோர் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்வோம்.

பிற்காலத்தில் இந்த வகை டிரைவர் அறைக்குள் வந்து, பித்தளை உடலும் வரிசையாகச் சிறு கண்ணாடிகளும் பெற்றது. கண்ணாடிக்குள் நீர் நிறைந்திருக்கும். அடியிலுள்ள துளையின் நுனியில் கரும்பச்சை எண்ணெய் ஒரு மணிபோலத் திரண்டு, சற்றே நீண்டு, அறுபட்டு, நீரின் ஊடே மெல்ல மேலேறும். சொட்டு மேல் நோக்கி விழுவதை முதன்முதலில் பார்த்தபோது நான் வேலையை மறந்து நின்றுவிட்டேன். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி, கீழேயுள்ள ஊசி வால்வைத் திருகிச் சரிசெய்வோம். வண்டி நின்றால் அதை அடைக்க வேண்டும். மறந்தால் எண்ணெய் வீணாகப் போய்க்கொண்டே இருக்கும்.

உங்கள் பெட்டி மற்ற வகை, அதாவது பம்பு வகை. அதற்குள் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சிறு பம்பு இருக்கும். சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வை இயக்கும் தண்டுகளில் ஒன்றிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வந்து பெட்டியின் பக்கவாட்டிலுள்ள ராட்செட்டை (ஒரு திசையில் மட்டும் சுழலும் பற்சக்கரத்தை) ஆட்டும். சக்கரம் சுழன்றால்தான் எண்ணெய் போகும். நின்றால் அதுவும் நின்றுவிடும். வெகுநேரம் நின்ற எஞ்சின் புறப்படும்போது குழாய்கள் காலியாக இருக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே கையால் சுற்றுவதற்குத்தான் அந்தக் கைப்பிடி.

வால்வுகியர் எழுதியது:

மேலே ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 180 பவுண்டு அழுத்தத்தில் சாதாரண நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 193 டிகிரி செல்சியஸ். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் வந்தபின் அது 300 டிகிரியைத் தாண்டியது. அந்த வெப்பத்தில் எண்ணெய் கருகி, வால்வின் வாய்களில் கரியாகப் படியும். ஆகவே பல எஞ்சின்களில், பெட்டியிலிருந்து வரும் எண்ணெய் சிலிண்டரை அடைவதற்குச் சற்று முன் அதனுடன் கொஞ்சம் நீராவியைக் கலந்து, புகைபோலச் சிதறடித்து உள்ளே அனுப்பினார்கள். எண்ணெய்க் குழாயின் முடிவில் இன்னொரு குழாய் வந்து சேரும் சிறு வார்ப்புத் துண்டைக் கண்டால், மாதிரியில் அதையும் விட்டுவிடாதீர்கள்.

சிலிண்டருக்குச் செல்லும் நீராவியைத் திறந்து அடைக்கும் ரெகுலேட்டரை மூடிவிட்டு இறக்கத்தில் உருளும்போது இன்னொரு தொல்லை உண்டு: பிஸ்டன் வெற்றிடத்தை உண்டாக்கி, புகைப்பெட்டியின் சாம்பலைக்கூட உள்ளே இழுத்துவிடும். பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இதற்காகவே ரெகுலேட்டர் கைப்பிடியின் முதல் சிறு நகர்வில் எண்ணெயும் சிறிது நீராவியும் மட்டும் செல்லுமாறு அமைத்தது.

இத்தகைய பெட்டிகளில் பெயர்பெற்ற ஒன்று வேக்ஃபீல்டு. அதே நிறுவனத்தின் எண்ணெய்தான் பின்னர் காஸ்ட்ரால் ஆயிற்று. ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்த பெயர் அது.

தண்டவாளன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. இன்று மீண்டும் போய்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தேன். இடப்புறப் பெட்டியின் ஆறும் முன்னோக்கிச் சென்று சிலிண்டர்களிலும் அவற்றின் மேலுள்ள வால்வு அறைகளிலும் முடிகின்றன. வலப்புறத்திலும் அதே போன்ற பெட்டி இருப்பதை இன்றுதான் கவனித்தேன். அதன் குழாய்கள் எல்லாம் சக்கரங்களுக்குப் பின்னால் கீழே இறங்கி மறைகின்றன. இடப்புறப் பெட்டியின் மூடியைத் திறந்தபோது வலைச் சல்லடையின்மேல் எண்ணெய் தார்போல உறைந்திருந்தது. கைப்பிடி அசையவில்லை.

பழைய ஷெட்காரர் எழுதியது:

வலப்புறம் உள்ளது, சக்கர அச்சுகள் சுழலும் அச்சுப்பெட்டிகளுக்கானது, தம்பி. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் எண்ணெய் வேறு: சிலிண்டருக்கு வெப்பம் தாங்கும் கெட்டி எண்ணெய், அச்சுக்கு அதைவிட இளகியது. ஒன்றில் ஊற்ற வேண்டியதை மற்றொன்றில் ஊற்றிவிட்டு ஃபோர்மேனிடம் ஏச்சு வாங்கியவர்களில் நானும் ஒருவன். கைப்பிடியை வலிந்து திருப்ப வேண்டாம். உள்ளே ராட்செட்டின் பல் முறிந்துவிடும். பொறுப்பில் இருப்பவர்களின் அனுமதி கிடைத்தால், மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டுப் பாருங்கள்.