வருஷா வருஷம் புது ஆர்செனல் ஷேர்ட் கேக்கிற மகன்: என்ன செய்யிறியள்?

ஈஸ்ட்ஹாம்_அப்பா:
மகனுக்குப் பத்து வயசு. போன வருஷம் வாங்கின ஆர்செனல் ஃபுட்போல் கிளப் ஷேர்ட் இன்னும் அளவாத்தான் கிடக்கு, ஒரு நூல்கூடப் பிரியேல்லை. இப்ப புதுசு வந்திட்டுதாம். "அப்பா, அது பழசு, ஸ்கூல்ல ஒருத்தரும் போடமாட்டினம்" எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். பெரியாக்களின்ர ஷேர்ட் எண்பது பவுணைத் தொடுது, சின்னாக்களின்ரயும் லேசில்லை. முதுகில பேர் அடிச்சால் அதுக்கு வேற காசு. எனக்கெண்டால் ரெண்டும் சிவப்பு, ரெண்டுக்கும் வெள்ளைக் கை. ஏன்தான் இப்பிடி மாத்துகினமோ? பிள்ளையள் வைச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

ஹைபரி_மாமா:
தம்பி, அந்த வெள்ளைக் கை 1933 இல வந்தது. அதில கை வைச்சால் சனம் விடாது. அதால கொலரை மாத்துவினம், ஓரத்தில ஒரு கோடு இழுப்பினம், சிவப்பைக் கொஞ்சம் கடுமையாக்குவினம். முடிஞ்சுது, புது ஷேர்ட்.

நான் லண்டன் வந்து இறங்கேக்க ஆர்செனல் ஷேர்ட்டின்ர நெஞ்சில ஜேவிசி எண்டு விளம்பரம் கிடந்த காலம். ஒரு ஹோம் ஷேர்ட் (சொந்த மைதானத்தில போடுறது) வாங்கினால் ரெண்டு சீசனுக்குக் கவலையில்லை. கிளப் எமிரேட்ஸ் மைதானத்துக்குப் போன பிறகும் 2006–08, 2008–10 எண்டு அப்பிடித்தான் ஓடினது. கடைசியா ரெண்டு வருஷம் நிண்டது 2012–14 ஷேர்ட். பிறகு ஷேர்ட் செய்யிற நைக்கி கொம்பனி போய் பூமா வந்தது, அதோட வருஷத்துக்கு ஒண்டு. ஹோம், அவே (வெளி மைதானத்தில போடுறது), மூண்டாவது எண்டு எண்ணிப் பாருங்கோ.

ஷேர்ட் விக்கிற காசு முழுக்கக் கிளப்புக்குப் போகுது எண்டு கன பேர் நினைக்கினம். ஒரு ஷேர்ட்டில கிளப்புக்கு வாறது சின்னப் பங்குதான். ஷேர்ட் செய்யிற கொம்பனி கிளப்புக்கு மொத்தமாக் குடுக்கிற காசுதான் பெரிசு. மன்செஸ்டர் யுனைட்டடோட அடிடாஸ் 2015 இல தொடங்கின பத்து வருஷ ஒப்பந்தம் 750 மில்லியன் பவுண். அவ்வளவைக் கொட்டினவன் போன வருஷச் சாமானையே வித்துக்கொண்டு இருப்பானே?

எழுபதுகளுக்கு முதல் லீட்ஸ் கிளப்பின்ர வெள்ளை ஷேர்ட் வெறும் வெள்ளை ஷேர்ட்தான், ஆரும் தைச்சு விக்கலாம். லெஸ்டரில இருந்த அட்மிரல் கொம்பனி அதில தன்ர அடையாளத்தைப் போட்டு, தங்கட சாமான் எண்டு பெடியளுக்கு வித்தது. இந்த வியாபாரத்துக்கு வழி காட்டினது அதுதான். பேராசை எங்க போய் முடிஞ்சது எண்டால், ரெப்ளிகா ஷேர்ட் (பிளேயர்கள் போடுறதைப் போல சனத்துக்கு விக்கிறது) விலையைத் தங்களுக்குள்ள பேசி வைச்சதுக்கு 2003 இல 18.6 மில்லியன் பவுண் தண்டம் விழுந்தது. அம்ப்ரோ கொம்பனி, ஜேஜேபி கடை, மன்செஸ்டர் யுனைட்டட் கிளப் எல்லாரும் அதுக்குள்ள.

நான் சீசன் முடியிற நேரம், மே மாதமளவில, விலையை நல்லா இறக்கின பிறகுதான் வாங்கிறது. இன்னொண்டு, ஆர்செனலின்ர 1991–93 மஞ்சள் அவே ஷேர்ட் வந்தபோது அடிபட்ட வாழைப்பழம் எண்டு சனம் சிரிச்சது. அந்த அசலுக்கு இண்டைக்குப் புதுசை விடக் கூட விலை! 2019 இல அடிடாஸ் திரும்பி வந்து அதே சாயலில ஒண்டு விட்டது, என்ர மகள் இன்னும் அதைத்தான் போடுறவ.

பிரஸ்_மெஷின்:
நான் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில எழுத்து ஒட்டின ஆள். சொல்லுறன், பேர் மட்டும் அடிக்காதேங்கோ. ஆகஸ்ட் முடியுமட்டும் பிளேயர்கள் கிளப் மாறுவினம். மெஷினில இருந்து எடுத்த சூடு ஆறமுதல் அந்தப் பிளேயரை வித்துப்போட்டாங்கள் எண்டு கண் கலங்க வந்த பெடியனைக் கண்டிருக்கிறன். கடை திருப்பி எடுக்காது. ஒன்லைனில வாங்கினாலும், பேர் அடிச்ச சாமானுக்கு 14 நாளுக்குள்ள வேண்டாமெண்டு திருப்பிக் குடுக்கிற உரிமை இல்லை. அதோட பிரீமியர் லீக் எழுத்தின்ர வடிவத்தையே 2017 இலயும் 2023 இலயும் மாத்தினது, பழைய நம்பர் பார்த்த உடனயே பழசு எண்டு தெரியும்.

தோய்க்கேக்க உள்பக்கம் வெளிய திருப்பி, குளிர்தண்ணியில போடுங்கோ. டிரையருக்குள்ள போட்டால் முதல்ல நம்பரின்ர மூலை கிளம்பும், பிறகு பிள்ளை நகத்தால நோண்டி மிச்சத்தை உரிச்சுப்போடும்.

14 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளின்ர உடுப்புக்கு வட் எண்ட விற்பனை வரி இல்லை. அதுக்கு மேற்பட்ட அளவுக்கு வரி இருந்தாலும், பெரியாக்களின்ரயை விட விலை குறைவுதான். என்ர மனுசி மெல்லிசு, 15–16 வயசு அளவைத்தான் வாங்கிறவ.

ஹவுன்ஸ்லோ_தேனீ:
எங்கட பிரென்ட்ஃபோர்ட் 2021–22 ஹோம் ஷேர்ட்டையே அடுத்த சீசனுக்கும் வைச்சிருந்தது, சனத்துக்குச் செலவு மிச்சம் எண்டு சொல்லி. பிரீமியர் லீக் கிளப்தான் அதுவும். ஒருத்தரும் செத்துப்போகேல்லை.

ஈஸ்ட்ஹாம்_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. மே மட்டும் பொறு எண்டு சொல்லியிருக்கிறன், மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியிறான். அதுக்குள்ள தாய்க்காரி இதை வாசிச்சுப்போட்டு 15–16 அளவு தனக்கும் காணுமாம். மாமா, அந்த மஞ்சள் ஷேர்ட் இப்பவும் எங்கயும் எடுக்கலாமோ?