டிசம்பர் வந்தால் சாப்பாட்டுப் பட்டியலும் போச்சு, சாப்பாட்டு மேசையும் போச்சு

வடசேரிப் பொண்ணு:

கோவையில் வாடகை வீடு, இரண்டு பேருக்கும் வேலை, ஆறாவதும் இரண்டாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், கூட மாமியார், அவருக்குச் சர்க்கரை. நான் நாகர்கோவில், சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டண்ட். வீட்டுக்காரர் தூத்துக்குடி, ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். எந்தக் கோயில், யார் முறைப்படி ஞானஸ்நானம் என்கிற பெரிய சண்டையெல்லாம் போட்டு முடித்துவிட்டோம், மிச்சமிருப்பது கிறிஸ்துமஸ் அலங்காரம் மட்டும்தான்.

நவம்பர் வரைக்கும் என் வீட்டில் வாரப் பட்டியல் ஒழுங்காக ஓடும். சனிக்கிழமை காலையில் அவர் மீனும் காயும் வாங்கி வந்து, மீனைக் கழுவி மஞ்சளும் உப்பும் தடவி மூன்று டப்பாவாக ஃப்ரீசரில் வைப்பார். நான் மாவு அரைத்து, தேங்காய் துருவி, ஏழு நாள் சமையலையும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுவேன். டிசம்பர் முதல் சனிக்கிழமை இந்த மனுஷன் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டுகிற குடில் கட்ட உட்காருவார், அவ்வளவுதான், அப்புறம் நாலு சனிக்கிழமைக்கு வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று கணக்கு.

எங்கள் அம்மா வீட்டில் டிசம்பர் 1 அன்று வாசலில் ஸ்டார் ஏறிவிடும், ஒரு மரம், நாலு சீரியல் பல்பு, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இவருக்கு மலை வேண்டும், ஓடை வேண்டும், ஓடைக்கு மேலே பாலம் வேண்டும், நிஜப் புல் வேண்டும். அதை வைக்கிற இடம் சாப்பாட்டு மேசை. போன வருஷம் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட, முட்டிவலிக்காரர் மாமியார் சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். சின்னவன் ஒரே வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்குப் பிரெட் ஜாம் கொண்டுபோனான்.

இதில் என் ஸ்டாருக்கும் தடை. திருவருகைக் காலம் காத்திருக்கிற காலமாம், 24 ராத்திரி பூசை முடிந்துதான் விளக்காம், அவர் அப்பா அப்படித்தானாம். கழற்றுவதும் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழா முடிந்தபிறகுதான். 26ஆம் தேதி வருகிற என் அம்மா, சுரூபத்தை, அதாவது சிலையை, பார்க்கக்கூடாது என்று குடிலுக்கு முதுகைக் காட்டியே மூன்று நாளும் உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷம் நவம்பரிலேயே கேட்கிறேன். டிசம்பர் மாதப் பட்டியலை எப்படிப் போடுவது? குடிலை எப்படி மேசையை விட்டு இறக்குவது?

மார்த்தாண்டம் சித்தி:

மக்களே, உன் பட்டியல் ரொம்ப இறுக்கம், அதுதான் ஒரு சனிக்கிழமை தப்பினால் மொத்தமும் சரிகிறது. நான் பலகாரப் பெயரெல்லாம் எழுதுவதில்லை. திங்கள் பருப்பு, செவ்வாய் மீன், புதன் தீயல், வியாழன் முட்டை, வெள்ளி புட்டும் பயறும், அவ்வளவுதான். என்ன பருப்பு, என்ன மீன் என்பதை அன்றைக்குக் கடையில் கிடைப்பது சொல்லும். சனிக்கிழமை மிச்சம் மீதி.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் ஒதுக்கித் தீயலுக்குத் தேங்காய் வறுத்துவிடு. நல்ல சிவப்பாக, எண்ணெய் கசிகிற வரைக்கும் வறுத்து, மல்லி மிளகாய் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைத்து, சின்னச் சின்ன உருண்டையாக ஃப்ரீசரில் போட்டால் டிசம்பர் முழுக்க ஓடும். உள்ளி, அதான் சின்ன வெங்காயம், உரிக்கிற நேரம்தான் வேலை, அதைப் பிள்ளைகளிடம் கொடு. மீனும் அப்படித்தான், இரண்டு வாரத்துக்கு ஒரே தடவையில் வாங்கு, ஆனால் சாளையை, அதான் மத்தியை, வாங்கிப் போட்டுவைக்காதே, கொழுப்பு மீன், ஃப்ரீசரிலும் காறல் வாடை வந்துவிடும்.

முந்திரிக்கொத்தை 15ஆம் தேதிக்கு மேல் சுடு. தேங்காயை ஈரம் போக வறுத்திருந்தால் பண்டிகை தாண்டியும் கெடாது. அச்சுமுறுக்கை முன்னாடியே சுட்டு டின்னில் அடைக்கலாம், கேக்கைக் கடைசியில் பார்த்துக்கொள். மாமியாருக்குத் தனியாகச் சுண்டல் வேகவைத்து வை, இல்லாவிட்டால் எல்லோரும் தின்கிறதைப் பார்த்துவிட்டு ராத்திரி டின்னைத் திறப்பார். நானே திறப்பேன்.

குடில் பற்றி நான் பேசமாட்டேன். எங்கள் வீட்டில் ஸ்டார் மட்டும்தான், அதிலேயே இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

முத்துநகர்:

அக்கா, நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. ஆனால் சாப்பாட்டு மேசையில் வைத்தது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நாலு சனிக்கிழமை வேண்டியதே இல்லை. புல்லுக்குக் கேழ்வரகு போதும். டிசம்பர் 12 வாக்கில் ஒரு ராத்திரி ஊறவைத்து, தட்டில் ஈரச் சாக்கு விரித்து அதன்மேல் நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் மூடிவைத்து, அப்புறம் பால்கனி வெளிச்சத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் 24ஆம் தேதி பச்சைப்பசேல் என்று நிற்கும். நெல் போட்டால் இன்னும் மூன்று நாலு நாள் முந்திப் போடணும். பழுப்புத் தாளைக் கசக்கி மலை செய்வது ஒரு சாயங்கால வேலை. மீதி மூன்று சனிக்கிழமை அவர் என்ன செய்கிறார் தெரியுமா? பல்பு சீரியலில் எந்த பல்பு போச்சு என்று தேடிக்கொண்டிருப்பார். நான் அதைத்தான் செய்கிறேன்.

உங்கள் அம்மாவிடம் ஒன்று சொல்லிப்பாருங்கள். புனித அசிசி பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியில் கிரேச்சியோ என்கிற ஊரில் குடில் வைத்தபோது ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், நிஜ மாடு, நிஜக் கழுதை, அவ்வளவுதான். சுரூபம் வைத்ததாகக் குறிப்பில்லை. எங்கள் வீட்டிலும் குழந்தை இயேசுவை 24 ராத்திரி பூசை முடிந்து வந்துதான் தொட்டியில் வைப்போம், அதுவரைக்கும் காலித் தொட்டிதான். அம்மா 23ஆம் தேதி வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஸ்டார் விஷயத்தில் அவர் சும்மா அடம் பிடிக்கிறார். எங்கள் தெருவில் ஆர்.சி. வீடுகளில் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஸ்டார் தொங்கும். அப்புறம், யாராவது மக்ரூன் கொண்டுவந்தால் அன்றைக்கே காற்றுப் புகாத டின்னில் போடுங்கள், இந்த மழை ஈரத்தில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் மறுநாள் பல்லில் ஒட்டும்.

கொலுக்காரி:

எங்கள் வீட்டில் இதே கதை செப்டம்பர் அக்டோபரில். அவர் வீட்டில் கொலு வைக்கிற வழக்கமில்லை, நான் ஏழு படி, அவர் மூன்று போதும் என்பார், கடைசியில் ஐந்து. ஒன்பது நாளும் முதல்நாள் ராத்திரியே மறுநாள் சுண்டலுக்கு ஊறப்போட மறந்துபோய் நான் அலறுவேன். படிகளைக் கட்டுவது அவர் என்று ஆனபிறகு, ஊறப்போடுவதும் அவர் என்று சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

உங்களுக்குக் குடில் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மீன் டப்பா மூன்றும் ஃப்ரீசரில் இருந்திருந்தால் நீங்கள் இங்கே எழுதியே இருக்கமாட்டீர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரியே மீன் வாங்கிக் கழுவிவிட்டுச் சனிக்கிழமை மலையோ மடுவோ கட்டட்டும்.

பேச்சிலர் 27:

மூன்று வாரம்தானே, ஆர்டர் பண்ணிச் சாப்பிடுங்கள்.

மார்த்தாண்டம் சித்தி:

தம்பி, நாலு பிள்ளைகுட்டியோட வந்து அப்புறம் இதைச் சொல்லு.

வடசேரிப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. கொலுக்காரி சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் உண்மை. 24 ராத்திரி பிள்ளைகள் அந்த ஓடைக்குத் தண்ணீர் ஊற்றும்போது நானும்தான் பக்கத்தில் நிற்கிறேன்.

நேற்று ராத்திரி முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்டார் டிசம்பர் 1 என்று ஒத்துக்கொண்டார், 24 வரைக்கும் உள்ளே பல்பு எரியக்கூடாது என்ற நிபந்தனையோடு. சரி, எரியாத ஸ்டாரும் ஸ்டார்தான். கழற்றுவது அவர் சொன்ன ஜனவரி 6, அதை நான் விட்டுக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மீனுக்கு முகத்தைச் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை.

மேசையை நானோ அவரோ தீர்க்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க அப்பா என்னைக்குடா சாப்பாட்டு மேசையில வச்சாரு? நம்ம வீட்டுல மேசையே கிடையாது. டிரங்குப் பெட்டி மேலதான் வைப்பாரு" என்றார். அந்தப் பெட்டி எங்கள் பரணில்தான் இருக்கிறது, பன்னிரண்டு வருஷமாகப் பழைய பாத்திரத்தோடு. இப்போது துடைத்து ஹால் மூலையில் போட்டாச்சு.

முத்துநகர் தம்பி மேல் மட்டும் ஒரு குறை. புல்லுக்கு ஒத்திகை பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்குக் காலையில் ஒரு தட்டு நிறையக் கேழ்வரகு ஊறவைத்திருக்கிறார். அது மாமியாருக்குக் கூழுக்கு அரைக்க வாங்கி வைத்த கேழ்வரகு. இனி நாளைக்குக் காலையில் அவருக்கு என்ன கொடுப்பது என்று யாராவது சொல்லுங்கள்.