ஸ்ப்ளைஸ் தாவுகிறதா, ஐ தாவுகிறதா?

மருதன்:
"ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலிலிருந்து உருப்படிகளை நீக்கும் ஸ்ப்ளைஸ் (splice) பழுதானது, இரண்டு பூஜ்யங்களை நீக்கச் சொன்னால் ஒன்றை விட்டுவிடுகிறது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிப் பாராட்டும் வாங்கியிருக்கிறார். [5, 0, 0, 8] என்ற அரேயில் (வரிசைப் பட்டியலில்) முன்னாலிருந்து லூப்பை (ஒவ்வோர் இடமாகப் பார்த்துச் செல்லும் சுழற்சியை) ஓட்டினால், இண்டெக்ஸ் 1-இல் (எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் இரண்டாம் இடத்தில்) உள்ள பூஜ்யம் போனதும் அடுத்த பூஜ்யம் நகர்ந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் ஐயோ (அலறல் அன்று, இடத்தை எண்ணும் i என்ற மாறியின் பெயர்தான்) அதற்குள் 2-க்குப் போய்விடுகிறது. தாவியது ஐ, ஸ்ப்ளைஸ் அன்று.

நீலாம்பல்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கடைசியில் மிஞ்சியது [5, 0, 8] தானே? அப்படியானால் ஸ்ப்ளைஸ் தாவியிருக்கிறது. வேண்டியதை மட்டும் வடிகட்டித் தரும் ஃபில்டர் 2009-லேயே ஈஎஸ்5 என்ற ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் வந்துவிட்ட பிறகும் இடம் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

மருதன்:
அனுதாபத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். லூப்பைப் பின்னாலிருந்து ஓட்டினால் இதே ஸ்ப்ளைஸ் இரண்டையும் நீக்குகிறது. ஃபில்டர் தருவதோ புதிய அரே; பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேறொரு மாறியில் பூஜ்யங்கள் அப்படியே கிடக்கும் என்பதை ஏன் சொல்வதில்லை? தேர்வு எழுதாதவர்களின் null (மதிப்பே இல்லை என்ற குறி) பதிவுகளை நீக்க, ஃபில்டருக்குள் பூலியனை (null, பூஜ்யம் போன்றவற்றைப் பொய் என்று கொள்ளும் சோதனையை) போடச் சொன்னவரும் நீங்கள்தான். எழுதிப் பூஜ்யம் வாங்கிய மாணவனும் பட்டியலிலிருந்து காணாமல் போனான்.

நீலாம்பல்:
அது மூன்று மாதப் பழங்கதை. உருப்படி இருக்கும் இடத்தைச் சொல்லும் இண்டெக்ஸ்ஆஃப் தேடிக் கிடைக்காமல் -1 தந்ததை, சரிபார்க்காமல் ஸ்ப்ளைஸிடம் கொடுத்துக் கடைசி உருப்படியைப் பறிகொடுத்தவர் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

கொன்றை:
இருவருமே "அரே" என்கிறீர்கள். "அணி" என்ற நல்ல சொல் இருக்கிறதே?

மருதன்:
அணி என்றால் உவமை அணியா, கிரிக்கெட் அணியா என்று அடுத்த சண்டை தொடங்கும். தயவுசெய்து வேண்டாம். நீலாம்பல் அவர்களே, -1 என்றால் ஸ்ப்ளைஸ் கடைசியிலிருந்து எண்ணும் என்பது அதன் விதி. அன்று தவறியது என் கை, ஸ்ப்ளைஸ் அன்று. அதுபோலவே இங்கே தாவியது ஐ.

நீலாம்பல்:
கை தவறியது, ஐ தாவியது. உங்கள் ஸ்ப்ளைஸ் மட்டும் ஒரு பாவமும் அறியாதது!

கொன்றை:
நான் கேட்டதற்கு விடை வரவில்லை.

மருதன்:
லூப்பைக் கடைசி இடத்திலிருந்து 0 வரை போகுமாறு மாற்றி, ஐ கூட்டலைக் கழித்தலாக்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஐ என்பதை மறுபடியும் எழுதுகிறேன்: தாவியது அதுதான்.