மறுமொழி: மேல்மாற்றமா, படியேற்ற ஒளிர்வா?

நண்பர்களே,

குறைந்த ஆற்றலுள்ள ஒளியை வாங்கி, அதைவிடக் கூடுதல் ஆற்றலுள்ள ஒளியாக வெளிவிடும் அப்கன்வெர்ஷனுக்குத் தமிழில் ‘மேல்மாற்றம்’ போதும் என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. எது மேலே போகிறது என்பதே அதில் இல்லை. லேசரின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் படிகத்துக்கும் அதே சொல் பொருந்திவிடும். அங்கே நடப்பது வேறு.

இட்டெர்பியமும் எர்பியமும் சிறிதளவு கலந்த சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு நானோதுகளை எடுத்துக்கொள்வோம். 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை இட்டெர்பியம் அயனி வாங்கி, பக்கத்திலுள்ள எர்பியத்திடம் கொடுக்கிறது. எர்பியம் ஒரு படி ஏறி அங்கேயே காத்திருக்கும். அடுத்த தவணை வந்ததும் இன்னும் மேலே ஏறி, 540-ஐ ஒட்டிய பச்சையாகவோ 655-ஐ ஒட்டிய சிவப்பாகவோ ஒளிரும். நடுவில் நிற்க உண்மையான ஓர் ஆற்றல்நிலை இருப்பதுதான் இதன் உயிர்நாடி. அதனால்தான் ‘படியேற்ற ஒளிர்வு’ என்கிறேன். ‘ஏறொளிர்வு’ சுருக்கமானதுதான், ஆனால் வெளிச்சம் கூடிக்கொண்டே போவதாகப் பொருள்கொள்ள இடமிருக்கிறது.

அப்புறம், துகளின் மேலடுக்கு எதுவானாலும் ‘பூச்சு’ என்பது. துகளின் மேல் அதே படிகத்தை இட்டெர்பியமும் எர்பியமும் கலக்காமல் வளர்த்தால், ஆற்றல் மேற்பரப்புக்கு ஓடிப்போய் நீரின் ஹைட்ராக்சில் அதிர்வுகளில் வீணாவது குறையும். உள்ளகத்தோடு ஒன்றி வளரும் இதை ‘ஓடு’ என்போம். சிலிக்காவோ பாலிமரோ போர்த்தினால் அது பூச்சு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், துகள் எதனால் பிரகாசமானது என்று படிப்பவருக்குப் பிடிபடாது.

அந்தப் பிரகாசத்தை அளப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். குப்பியிலுள்ள கரைசலை மொத்தமாக அளந்தால் சராசரிதான் கிடைக்கும். ஓடு சரியாக மூடாத துகள்கள் அதில் மறைந்துவிடும். கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஒவ்வொன்றாக லேசரைக் குவித்து அளக்க வேண்டும். அப்போதும் ஒளிரும் புள்ளி ஒரே துகளா, ஒட்டிக்கொண்ட மூன்றா என்று ஒளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதே இடத்தை மின்னணு நுண்ணோக்கியிலோ அணுவிசை நுண்ணோக்கியிலோ பார்த்து உறுதிசெய்த பிறகே எண்ணுக்கு மதிப்பு. இதற்குத் ‘துகள்வாரி ஒளிர்வளவீடு’ எப்படி? மாவட்டவாரி, வார்டுவாரி என்று பேசுகிறோமே, அந்த ‘வாரி’தான். ‘தனித்துகள்’ என்பதில் ஒன்றன்பின் ஒன்றாக அளப்பது தெரியவில்லை.

இப்படி ஆற்றல் வீணாகி ஒளிர்வு மங்குவதைக் குறிக்கும் குவென்சிங் மட்டும் பாக்கி. ‘அணைப்பு’ என்றால் தழுவலும் நினைவுக்கு வருகிறது. ‘தணிப்பு’ சரிவருமா? வேதியியல் பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.